இடுப்புத்தளத் தசையின் இறுக்கமும் அதைத் தளர்த்தும் சிகிச்சையும்

மலரில் கல்வெட்டையும் காப்பியத்தையும் பற்றி எழுதுவோர் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் வாய்திறந்து சொல்லாத ஒரு வலி. நான் மருத்துவன் அல்லன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே புத்தகம் புரட்டுகிற வியாபாரி. ஆகவே மருந்து சொல்ல மாட்டேன், விளங்கியதைச் சொல்கிறேன்.

நம் இடுப்பெலும்புகள் சேர்ந்து அடிப்பாகம் இல்லாத ஒரு கூடை போல அமைந்திருக்கின்றன. அதற்கு அடியாக, முன்பக்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, பிள்ளைக்குக் கட்டுகிற தூளி மாதிரி விரிந்து கிடப்பதே இடுப்புத்தளத் தசை. சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை எல்லாவற்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீரோ மலமோ கழியும்போது அது தளர வேண்டும். மற்ற நேரம் மெல்லிய பிடியோடு இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் சற்றுத் தழையும், விட்டால் மேலே வரும்.

சிலருக்கு இந்தத் தசை பிடித்த பிடியை விட மறந்துவிடுகிறது. கையை நாள் முழுக்க முஷ்டி பிடித்தே வைத்திருந்தால் என்ன ஆகும்? விரல் மரத்து, முழங்கை வரை வலிக்கும். அதேதான் இங்கேயும். உட்கார்ந்தால் வலி, அடிவயிற்றில் கனம், சிறுநீர் விட்டுவிட்டு வருவது, மலச்சிக்கல், தாம்பத்தியத்தில் வேதனை. புதுமணப் பெண் ஒருத்தி இந்த வலிக்குப் பயந்து ஒதுங்கினால், "பொண்ணுக்கு இஷ்டமில்லை" என்று பஞ்சாயத்து கூட்டுகிறார்கள். தசைப் பிடிப்பாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காரணம் பல. கடினமான பிரசவம், வால் எலும்பில் அடி, பழைய மலச்சிக்கல், மனக்கலக்கம். மும்பைக்கென்று இன்னொன்றும் உண்டு: அடக்கிக்கொள்வது. தாராவியில் வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத குடும்பங்கள் ஏராளம். பொதுக் கழிப்பறையில் வரிசை, காசு, ராத்திரியில் பயம். அதனால் பெண்கள் பொழுது சாய்ந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களிடம் மட்டும் காசா என்று கேட்டு 2011-ல் இந்நகரத்துப் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து ஓர் இயக்கமே நடத்தினார்கள். பேச்சு சுகாதாரத்தைப் பற்றியே அதிகம் நடந்தது. வருடக்கணக்கில் அடக்கிப் பழகிய தசை பின்பு தளரத் தெரியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆண்களுக்கு இது வந்தால் பெரும்பாலும் "புராஸ்டேட் வீக்கம்" என்ற பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒன்றரை வருஷம் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டேன். சோதித்த சிறுநீரில் கிருமியே இல்லை! அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் இந்நோயை நான்காகப் பிரித்தது. அதில் கிருமியில்லாத நாள்பட்ட வலி என்ற மூன்றாம் பிரிவில்தான் மிகப் பெரும்பாலோர் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இடுப்புத்தளத் தசையைத் தொட்டால் வலிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் எழுதிய பயிற்சி இன்று உலகமெங்கும் பிரசித்தம். தசையைச் சுருக்கிப் பிடித்துப் பிறகு விடுவது. பிரசவத்துக்குப்பின் தளர்ந்த தசைக்கு, சிறுநீர்க் கசிவுக்கு, அது நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர் அதையே செய்தால் வலி கூடலாம். யோக வகுப்பில் சொல்லித்தரும் மூலபந்தமும் அப்படியே. முதலில் தளர்ச்சியா இறுக்கமா என்று தெரிய வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பவர் இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். நடை, முதுகு, தொடை, மூச்சு எல்லாம் பார்ப்பார். பிறகு சம்மதம் கேட்டு, கையுறை அணிந்த ஒரு விரலால் உள்ளே தொட்டு, எந்த இடத்தில் முடிச்சுப்போல இறுகியிருக்கிறது என்று சோதிப்பார். இதைக் கேட்டதுமே பலர் ஓடிவிடுகிறார்கள். பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம். உள்தொடுகையே இல்லாமலும் தொடங்கலாம். அந்த முடிச்சில் மெதுவாக அழுத்தம் கொடுத்துத் தளர்த்துவது, வயிறு உப்ப மூச்சிழுக்கப் பழக்குவது, தசையின் நிலையைத் திரையில் காட்டும் கருவி, சிறிதிலிருந்து பெரிதாகப் போகும் விரிப்பான்கள், வெந்நீரில் உட்காருதல் என்று ஆளுக்குத் தக்கபடி போகும். 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பை வலியுள்ள 81 பெண்களில் ஒரு பாதிக்கு இந்தத் தசைச் சிகிச்சையும் மறுபாதிக்கு உடம்பு முழுக்கச் சாதாரண மசாஜும் பத்து முறை தருவதாக ஏற்பாடு. நன்றாகத் தேறினோம் என்றவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், மற்றதில் 26. எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு நாலு மாதம் பிடித்தது.

எங்கள் சமணத்தில் காயோத்சர்க்கம் என்று ஒன்று உண்டு. உடல்மேல் உள்ள பிடியை விட்டு அசையாது நிற்பது. அதன் நோக்கம் ஆன்மாவைப் பற்றியது, வேறு. ஆனாலும் 'விடு' என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீரே வராமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தியாவில் பிசியோதெரபிப் படிப்பு ஆரம்பமானதே நம் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில்தான், 1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு. ஆனால் எல்லாப் பிசியோதெரபிஸ்டும் இடுப்புத்தளம் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நம் பெண்களுக்குப் பாஷையும் தடை. மராத்தியும் இந்தியும் வராத தாய், பள்ளிக்கூடப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துப் போகிறாள். அவன் முன்னே எதைச் சொல்வாள்? "வயித்துவலி" என்று சொல்லி மாத்திரையோடு திரும்புகிறாள். பிள்ளைக்குப் பதில், பாஷை தெரிந்த ஒரு பெண்ணை அனுப்புங்கள். நம் மகளிர் அணியில் பலர் இருக்கிறார்கள். எங்கே வலி, உட்காரும்போதா சிறுநீர் கழித்த பிறகா, எத்தனை மாதமாக, முன்பு பிரசவமோ அடியோ உண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கடைசி வரியாக, "இடுப்புத்தளத் தசையையும் பரிசோதிக்கவும்" என்று சேர்த்துவிடுங்கள்.