யாருக்கு அண்ணன்மார்? – வகுப்பறையில் இருமொழிப் படக்கதை

இருமொழிப் படப் புத்தகம் என்றதும் நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் வருகிற முதல் பதில், 'இங்கிலீசு சுளுவா வந்துருமுங்க' என்பதுதான். தமிழ் ஏணி, ஆங்கிலம் மாடி. ஏறினபிறகு ஏணி எதற்கு? இரு மொழிகளுக்கிடையிலான அதிகாரப் படிநிலையை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிற பார்வை இது. அந்தப் பக்கத்தில் நாட்டார் கதை வந்து உட்காரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை வைத்து இதைப் பார்க்கலாம்.

உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்பட்டுவந்த இக்கதையை மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பகுதிகளில் வெளியிட்டது. பிறகு அவரே அதை 26 பகுதிகள் கொண்ட அசைவுப்படமாகவும் இரு மொழிகளிலும் படக்கதைகளாகவும் கொண்டுவந்தார். பாட்டு, பனுவல், படம் என்று கதை கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ கூடுகிறது, ஏதோ கழிகிறது. அந்தக் கணக்கைப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்வதுதான் பாடம் என்பேன்.

தலைப்பிலேயே தொடங்கலாம். 'அண்ணன்மார்' என்றால் யாருக்கு அண்ணன்மார்? தங்காளுக்கு. இரண்டு வீரர்களின் கதைக்கு ஒரு தங்கச்சியின் வாய்ச்சொல் பெயராகியிருக்கிறது. ஆங்கிலப் படக்கதையின் தலைப்பில் இருப்பதோ பொன்னிவளநாடு. தங்கை நின்ற இடத்தில் நிலம் வந்துவிட்டது. 'பொன்னர் சங்கர்' என்று தமிழில் சொல்லும்போதும் அவள் காணாமல்தான் போகிறாள். 'பிரதர்' என்ற ஒற்றைச் சொல்லில் அண்ணன் யார், தம்பி யார் என்று தேடச் சொன்னால் பத்து வயசுப் பிள்ளைக்கும் இது பிடிபடும். மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதல்ல, யார் நின்று பார்க்கிறார்கள் என்பதும்தான்.

அடுத்து, எந்தத் தமிழ்? புத்தகத்தில் ஓணான் என்றிருக்கும், பிள்ளை வாயில் ஒடக்கான். கொல்லைப்புறம் பொடக்காளி, திருவிழா நோம்பி. 'தப்பு' என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, முதலில் வீட்டுப் பேச்சில் கதை சொல்லவிட வேண்டும். சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுத வேண்டும். அப்புறந்தான் அச்சுத் தமிழ், அதற்கும் அப்புறம் ஆங்கிலம். வீட்டுப் பேச்சு தமிழாகத்தான் இருக்கணும் என்றும் இல்லை. கோவையில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் தருகிற இருமொழிப் புத்தகத்தில் இவர்களுக்கு இரண்டுமே வெளிமொழி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டி அவர்கள் மொழியில் மூன்றாவது வரியைச் சொல்லவைத்து எழுதலாம். செலவு கொஞ்சம் பசைதான்.

கடைசியாக, நாம் தள்ளிப்போடுகிற விசயம். அண்ணன்மார் வெள்ளாளர், எதிர்த்தரப்பு வேட்டுவர், துணைக்கு நிற்கும் சாம்புகன் பறையர். இந்தப் பெயர்களெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ்களிலும் இருப்பவை. பாட்டைக் கேட்கிறவர் மனசில் ஆளுக்கொரு முகமாக இருந்த வேட்டுவர், படத்தில் ஒரே முகமாக இறுகிப்போகிறார். அங்கே யார் நிமிர்ந்து நிற்கிறார், யார் குனிந்து நிற்கிறார், யாருக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்டக் கூடாது.

'பிள்ளைககிட்டப் போயி சாதியப் பேசலாமுங்களா' என்று ஆசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. திருச்செங்கோட்டு ஐதிகத்தைத் தொட்ட 'மாதொருபாகன்' நாவலுக்காக, 2015 சனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்த மண் இது. ஆனால் ஆசிரியர் பேசாவிட்டாலும் படம் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. வேட்டுவர் பக்கத்திலும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கதையை அவள் வாயால் ஒருதரம் சொல்லச் சொல்லுங்கள். அப்போது அண்ணன்மார் என்றால் வேறு ஆட்கள். சாதியின் பெயரை உச்சரிக்காமலேயே பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.