சாடிகளிற் பியூசியா வளர்த்தல்: ஊவா மலைநாட்டுக் கமக்காரருக்கான குறிப்புகள்

மழைக்காலத்தில் வாங்கிய பியூசியாச் செடி தை, மாசி மாதங்களிற் கிளை தாழப் பூத்து நிற்கும். அதே செடி ஆடி மாதத்தில் இலையுதிர்த்து, தண்டு கறுத்து, மடிந்து போவதுமுண்டு. பசளை போதாமையே இதற்குக் காரணமெனச் சிலரும், நீர் போதாமையே காரணமெனச் சிலரும் கருதுவர். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. சாடி மண் சூடேறி வேர் வருந்துவதே காரணமாகும். வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கற்றவர் இச்செடியைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம்.

செடியின் இயல்பு

பியூசியாவின் பெரும்பாலான இனங்கள் மத்திய அமெரிக்க, தென் அமெரிக்க மலைக்காடுகளுக்கு உரியவை. மூடுபனியும் ஈரக் காற்றும் மரநிழலும் நிறைந்த இடங்களே அவற்றின் தாயகம். பதினாறாம் நூற்றாண்டிலே செருமனியில் வாழ்ந்த மருத்துவரும் தாவர நூலாசிரியருமான லியோனார்ட் பூக்ஸ் என்பவரின் நினைவாக, பிரெஞ்சுத் தாவரவியலாளர் சாள்ஸ் புளூமியே 1703-ஆம் ஆண்டில் இப்பெயரை வெளியிட்டார். காதிலணியும் தொங்கட்டான் போலப் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். வெளியிதழ்கள் ஒரு நிறமும் உள்ளிதழ்கள் வேறு நிறமுமாக அமைந்திருப்பதே அவற்றின் அழகு. இன்று சாடிகளில் வளர்க்கப்படுவன பெரும்பாலும் பல இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினங்களாகும்.

இடமும் உயரமும்

ஊவா மாகாணம் முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. ஹப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலும், பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும் உள்ளன. பதுளை நகரோ ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலேயே உள்ளது. பகல் வெப்பம் 27 பாகை செல்சியசுக்கு மேற் சென்றால் பியூசியாவின் மொட்டுக்கள் குறையும். இரவிற் குளிர்ச்சி கிடைத்தால் செடி மீண்டும் தேறும். ஆகவே பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதியினர் பெரும்பாலான கலப்பினங்களை வளர்க்கலாம். பதுளைப் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும் திரிபில்லா வகைகளைத் தேர்தல் நன்று. 1905-ஆம் ஆண்டில் செருமனியில் உருவாக்கப்பட்ட ‘காட்டன்மைஸ்டர் பொன்ஸ்டெட்’ அவ்வகையைச் சேர்ந்தது. அதன் பூக்கள் நீண்ட குழல்போன்று செம்மஞ்சள் கலந்த சிவப்பு நிறத்தில் கொத்தாகத் தொங்கும்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்கு வரும் வீதியில் ஹக்கலைத் தாவரத் தோட்டம் உள்ளது. அது 1861-ஆம் ஆண்டில் சிங்கோனா மரங்களை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. குளிர்நாட்டுச் செடிகள் நம் மலைகளில் எவ்வுயரத்திற் செழிக்குமென்பதைக் கண்டறிய விரும்புவோர் அத்தோட்டத்தைப் பார்த்துவருதல் பயன்தரும்.

வீட்டிற் சாடி வைக்கச் சிறந்த இடம் கிழக்கு நோக்கிய விறாந்தையாகும். அங்கே காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். பிற்பகல் வெயில் படாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் நேரே தாக்காது. தோட்டத்தில் நடுவதாயின், தேயிலைக்கு நிழல்மரம் தருவது போன்ற சல்லடை நிழல் போதும். முழு இருளில் வைத்தாற் செடி நெடுத்து வளருமேயன்றிப் பூக்காது.

சாடியும் மண்ணும்

தகரப் பேணியும் கறுப்புப் பிளாத்திக்குச் சாடியும் வெயிலில் விரைவாகச் சூடேறும். சுட்ட மண்சாடியே சிறந்தது. அடியில் துளையிட்டு, ஓட்டுத் துண்டுகளைப் பரப்புதல் வேண்டும். நன்கு உக்கிய கூட்டெரு இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பலாம். பச்சைச் சாணத்தை இடுதலாகாது; அது உக்கும்போது வெப்பத்தை உண்டாக்கி வேரைச் சுடும். உக்கல் மண்ணுக்காகக் காட்டுத் தரையைத் தோண்ட வேண்டியதில்லை. வீட்டுக் கழிவும் இலைகுழையும் கொண்டு ஆக்கிய கூட்டெருவே போதுமானது.

நாற்று உண்டாக்கல்

கலப்பினத் தக்காளியின் விதையைச் சேர்த்து விதைத்தாற் குணம் மாறிப் போவதைக் கமக்காரர் அறிவர். பியூசியாவும் அத்தகையதே. ஆகையால் தாய்ச்செடியின் அதே பூவைப் பெற, துண்டுகளை நட்டே பெருக்குதல் வேண்டும்.

தை, மாசி மாதங்களில், மொட்டில்லாத இளந்தளிரை மூன்று அங்குல நீளத்தில், ஒரு கணுவின் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. அடியிலைகளை நீக்கி, மணலும் கூட்டெருவும் சம அளவிற் கலந்த மண்ணில் நடுக. அதன்மேற் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களில் வேர்விடும். நாற்றில் மூன்று சோடி இலைகள் தோன்றியதும் நுனியைக் கிள்ளுதல் வேண்டும். கிளைகள் வந்தபின் அவற்றின் நுனியையும் ஒருமுறை கிள்ளினாற் செடி அடர்ந்து வளரும். இறுதியாகக் கிள்ளியதிலிருந்து ஒற்றை இதழ்ப் பூவகைகள் ஏறத்தாழ எட்டு வாரங்களிற் பூக்கும். அடுக்கு இதழ் வகைகளுக்கு மேலும் இரண்டு வாரங்கள் செல்லும்.

நீரும் பசளையும்

நண்பகலிற் செடி வாடிக் காணப்பட்டால் உடனே நீரூற்றுதல் பலரது வழக்கம். இதுவே பெருந்தவறு. முதலில் விரலை மண்ணில் ஓரங்குலம் செலுத்திப் பார்த்தல் வேண்டும். மண் ஈரமாயிருந்தால் அவ்வாட்டம் வெப்பத்தால் நேர்ந்தது. சாடியை நிழலுக்கு மாற்றி, இலைமேல் நீரைத் தெளித்தாற் போதும். மாலையில் அது தானே நிமிரும். ஈர மண்ணில் மேலும் நீரூற்றினால் வேர் அழுகும். அதிகாலையிலும் செடி வாடியிருந்தால், ஒன்றில் மண் காய்ந்திருக்கும். அல்லது வேர் அழுகத் தொடங்கியிருக்கும்.

வளருங்காலத்தில் இருவாரத்துக்கு ஒருமுறை, மாட்டெரு ஊறிய நீரைத் தேநீரின் நிறம் வருமளவு ஐதாக்கி ஊற்றலாம். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்துப் பூ குறையும். வாடிய செடிக்கு எப்பசளையும் இடுதலாகாது.

கச்சான் மாதங்கள்

ஆனி முதல் ஆவணி வரை வீசும் வறண்ட காற்றே ஊவாவிற் பியூசியாவுக்கு வரும் சோதனையாகும். இக்காலத்திற் சாடியை அதனினும் பெரிய சாடியொன்றினுள் வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, அம்மணலை ஈரமாக வைத்தல் வேண்டும். மணலின் ஈரம் ஆவியாகும்போது உட்சாடி குளிரும். மண்ணின்மேல் வைக்கோலைப் பரப்புக. மேற்குப் பக்கத்திற் கிடுகுத் தட்டி கட்டுக. தொங்கும் சாடிகளைக் கீழே இறக்கித் தரையில் ஒன்றுசேர்த்து வைக்குக. இம்மாதங்களிற் கிளைகளை வெட்டுதலும் சாடி மாற்றுதலும் கூடா. அவற்றை ஐப்பசி மழையுடன் செய்க.

கிணற்று நீர் மரக்கறிப் பாத்திக்கே போதாத நாட்களில், உப்புச் சேராத அரிசி கழுவிய நீர் சில சாடிகளுக்குப் போதுமானது. பூச்செடிக்காகப் பயிரின் நீரைக் குறைக்க வேண்டியதில்லை.

பீடைகள்

இலையின் அடியில் வெண் ஈயும், வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்தியும் தோன்றும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, தொடக்கத்திலேயே ஐதான சவர்க்கார நீரால் இருபக்கமும் கழுவுதல் நன்று. வெண் ஈ போஞ்சி, தக்காளிப் பயிர்களையும் தாக்குவதாகும். ஆகவே புதிதாக வாங்கிய செடியை இருவாரம் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். மரக்கறி நாற்றுமேடைக்கு அருகில் அதை ஒருபோதும் வைத்தலாகாது. இலையடியிற் செம்மஞ்சள் தூள் காணப்பட்டால் அது துருநோயாகும். அவ்விலைகளைப் பறித்து எரித்துவிடுக.

ஒரு தாய்ச்செடியிலிருந்து ஆண்டுதோறும் பல நாற்றுக்களைப் பெறலாம். அவற்றுட் சிலவற்றை அயலவருக்குக் கொடுத்து வைப்பது அறிவுடைமையாகும். ஒரு முற்றத்திற் செடி மடிந்தாலும், மறு முற்றத்திலிருந்து ஒரு துண்டு திரும்பி வரும்.