நோர்வே: அதிகம் கேட்கப்படாத இசைத்தொகுப்புகளும் அவற்றைக் காக்கும் சட்டமும்

நோர்வேத் தலைநகர் ஒஸ்லோவின் கிழக்கு எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரசபைப் பகுதி லோறென்ஸ்கூக். பெரிய மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்புகள், வணிக வளாகங்கள், அவற்றுக்கு அப்பால் காடு என்பதே அதன் தோற்றம். ஒஸ்லோவின் கிழக்குப் புறநகர்களைப் போலவே இங்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. 2011இல் திறக்கப்பட்ட லோறென்ஸ்கூக் பண்பாட்டு மண்டபத்தில் நூலகமும், அரங்கும், பிள்ளைகளுக்கான கலைப் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன.

இத்தகைய புறநகர்களில் வளர்ந்த இளைஞர்கள்தான், கடந்த அரை நூற்றாண்டில், உலகம் முழுவதும் சிறு வட்டங்களில் மட்டுமே அறியப்பட்ட, ஆனால் அந்த வட்டங்களில் பெரிதும் மதிக்கப்படும் இசையை நோர்வேயில் உருவாக்கினார்கள். வானொலியில் அடிக்கடி ஒலிக்காத, விற்பனைப் பட்டியல்களில் இடம்பெறாத இந்த வகை இசை 'அண்டர்கிரவுண்ட்' என்று அழைக்கப்படுகிறது. அது ஒரு தனி இசை வகை அல்ல. ஜாஸ், மெட்டல், மின்னணு இசை, நாட்டார் இசை என எதிலும் அது இருக்கலாம். சில நூறு அல்லது சில ஆயிரம் பிரதிகளே விற்பனையாகும் என்பதை அறிந்தே அது வெளியிடப்படுகிறது.

இந்த இசைக்குள் நுழைய விரும்பும் தமிழ் நேயர் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம், இவ்வளவு சிறிய சந்தையைக் கொண்ட இசை அந்நாட்டில் எவ்வாறு அழியாமல் இருக்கிறது என்பவை ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வழி

தமிழ் நேயருக்கு மிக அண்மையில் உள்ள வாசல், வயலின் கலைஞர் எல்.சங்கர் 1983இல் பதிவுசெய்த 'விஷன்' என்ற தொகுப்பு. சங்கரின் தந்தை வி.லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அவரது சகோதரர் எல்.சுப்பிரமணியமும் இளமைப் பருவத்தின் ஒரு பகுதியை அங்கு கழித்தார்கள். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பின்னர் பத்துத் தந்திகளைக் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கிய சங்கர், 'விஷன்' தொகுப்பில் நோர்வேயின் சாக்சபோன் கலைஞர் யான் கார்பாரெக்குடனும், டென்மார்க்கின் ட்ரம்பெட் கலைஞர் பல்லே மிக்கெல்போர்க்குடனும் இணைந்து வாசித்துள்ளார். மிருதங்கமும் இல்லை, வழமையான ஜாஸ் தாளக்குழுவும் இல்லை. நீண்ட ஒற்றைச் சுரங்களும் அவற்றுக்கிடையிலான மௌனமுமே அதன் பலம். கர்நாடக இசைக் கச்சேரியின் விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடையலாம். ஆலாபனையை மட்டும் தனியே இரசிக்கக் கூடியவர்களுக்கு அது உகந்தது.

இதை வெளியிட்ட ஈ.சி.எம். நிறுவனம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1969இல் தொடங்கப்பட்டது. எனினும் அதன் பெயர்பெற்ற ஒலி பெரிதும் ஒஸ்லோவில், ஒலிப்பதிவாளர் யான் எரிக் கொங்ஸ்ஹௌக்கின் கைகளில் உருவானது. 1986 டிசம்பரில் தபேலா கலைஞர் ஜாகிர் ஹுசைன், புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா, கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் ஆகியோர் கார்பாரெக்குடன் சேர்ந்து 'மேக்கிங் மியூசிக்' தொகுப்பைப் பதிவுசெய்ததும் ஒஸ்லோவின் றெயின்போ ஒலிப்பதிவுக்கூடத்தில்தான். 1990இல் பாகிஸ்தானின் உஸ்தாத் பதே அலி கானும் அவரது குழுவினரும் கார்பாரெக்குடன் அங்கு பதிவுசெய்த 'ராகாஸ் அண்ட் சாகாஸ்' தொகுப்பில், ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த தீபிகா தத்தால் என்ற சிறுமியின் குரலும் இடம்பெற்றது. குடியேறிகளின் பிள்ளைகள் நோர்வே இசைக்குள் காலடி வைத்த ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று என்ற வகையில் இத்தொகுப்புக்கு இசைக்கு அப்பாற்பட்ட முக்கியத்துவமும் உண்டு.

இருளும் இரைச்சலும்

மேற்கூறியவை காதுக்கு இதமானவை. நோர்வேயை உலக அண்டர்கிரவுண்ட் இசையின் வரைபடத்தில் நிலைநிறுத்தியதோ, இதமில்லாத ஓர் இசை.

ஒஸ்லோவுக்குத் தெற்கே உள்ள கொல்பொட்ன் என்ற சிறு புறநகரைச் சேர்ந்த டார்க்த்ரோன் குழுவினர், தமது முதல் தொகுப்பை ஸ்டொக்ஹோமில் பதிவுசெய்து, 1991இல் அக்காலத்து டெத் மெட்டல் பாணியில் தொழில்நுட்ப நேர்த்தியுடன் வெளியிட்டிருந்தார்கள். மறு ஆண்டே அந்த நேர்த்தியைக் கைவிட்டு, 'எ பிளேஸ் இன் த நோர்தர்ன் ஸ்கை' என்ற கரகரத்த, குளிர்ந்த, வேண்டுமென்றே மெருகூட்டப்படாத தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அவர்களது பிரித்தானிய வெளியீட்டு நிறுவனமான பீஸ்வில் முதலில் தயங்கியது. ஒஸ்லோவில் வேறொரு சிறு நிறுவனம் வெளியிடத் தயாராக இருந்த நிலையிலேயே அது இணங்கியது. பிளாக் மெட்டல் என்று அறியப்படும் இசையின் நோர்வே வடிவத்துக்கு இத்தொகுப்பு அடிப்படை நூல் போன்றது எனலாம்.

அந்தச் சிறு நிறுவனத்தை நடத்தியவர் மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் ஒய்ஸ்டைன் ஆர்செத். ஒஸ்லோவின் ஸ்வைகார்ட்ஸ் வீதியில் 1991 முதல் 1993 வரை அவர் நடத்திய, 'நரகம்' என்று பொருள்படும் 'ஹெல்வெதெ' இசைத்தட்டுக் கடையே இந்த வட்டத்தின் கூடுமிடம். எந்தத் தொகுப்பைக் கேட்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது அங்குதான் தீர்மானமாயிற்று. இணையம் பரவாத காலத்தில் ஒரு கடைக்காரரின் பரிந்துரை ஒரு தலைமுறையின் இரசனையையே வடிவமைக்க முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் அந்த வட்டம் இசையோடு நிற்கவில்லை. 1992 முதல் பல தேவாலயங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. மரத்தாலான புகழ்பெற்ற பன்டொப்ட் தேவாலயமும் அவற்றுள் ஒன்று. 1993 ஆகஸ்டில் ஆர்செத் கொலை செய்யப்பட்டார். பர்சும் என்ற பெயரில் இசைத்து வந்த வார்க் விக்கெர்னஸ் அக்கொலைக்காகவும் தேவாலய எரிப்புகளுக்காகவும் 1994இல் 21 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டில் டார்க்த்ரோன் வெளியிட்ட 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' தொகுப்பின் பின்னட்டையில் ஆரிய இனப்பெருமை பேசும் வாசகம் அச்சாகி, பிந்திய பதிப்புகளில் நீக்கப்பட்டது. ஆகவே இந்த இசையைப் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்குப் பரிந்துரைக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. அதற்காக அனைத்துக் கலைஞர்களையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியன்று.

அனேகமான தமிழ் நேயர்களுக்கு இவ்வகையில் பொருத்தமான தொடக்கம், ஒஸ்லோவின் ஊல்வர் குழு 1996இல் வெளியிட்ட 'க்வெல்ட்சாங்கர்' ஆகும். மின்கிதாரோ அலறலோ இன்றி, சாதாரண கிதார், செல்லோ, சேர்ந்திசைக் குரல்கள் ஆகியவற்றால் ஆன தொகுப்பு இது. அது பிடித்துப்போனால், அதே குழுவின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பான 'பெர்க்தாத்' பக்கம் செல்லலாம். மலைவாழ் மாயசக்திகளால் கவர்ந்து செல்லப்படும் பெண்ணின் நாட்டார் கதையை அது சொல்கிறது. மோகினிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையுலகம் அந்நியமானதாக இராது.

இந்த இசையின் தாக்கம் தமிழர்களையும் எட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் 1992இல் உருவான ருத்ரா குழு, கடும் மெட்டல் இசையோடு சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்தது. 2005இல் வெளியான அவர்களது 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் தொகுப்பு, தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத போதிலும், உலக மெட்டல் இரசிகர்களிடையே அறியப்பட்டதாகும்.

நரம்பும் மின்சாரமும்

1998இல் ஒஸ்லோவில் தொடங்கப்பட்ட ரூனே கிராமொபோன் நிறுவனத்தின் வெளியீடுகள் மற்றொரு உலகம். அதன் முதல் வெளியீடான, மூன்று இறுவட்டுகள் கொண்ட சுப்பர்சைலன்ட் குழுவின் தொகுப்பு, முன்கூட்டி எழுதப்படாத, அந்த இடத்திலேயே பிறந்த இசை. புதியவர்களுக்கு அதைவிட 2003இல் வந்த 'சிக்ஸ்' எளிதானது. இசையமைப்பாளர் ஆர்னெ நோர்ட்ஹைம் 1960களின் பிற்பகுதியில் போலந்து வானொலியின் பரிசோதனைக் கூடத்தில் உருவாக்கிய மின்னணு இசையும் இந்நிறுவனத்தின் 'எலெக்ட்ரிக்' தொகுப்பின் மூலமே புதிய தலைமுறையைச் சென்றடைந்தது.

இவற்றை விடவும் தமிழ் நேயரின் செவிக்கு நெருக்கமாக அமையக்கூடியது, நில்ஸ் ஓக்லண்ட் 2000இல் வெளியிட்ட 'ஸ்த்ரவும்'. அவர் வாசிக்கும் ஹார்டங்கர் பிடில் என்ற நோர்வே நாட்டார் வயலினில், வில்லால் இழுக்கப்படும் தந்திகளுக்குக் கீழே, தாமாகவே அதிரும் மற்றொரு தந்தி வரிசை உண்டு. நமது சாரங்கியிலும் சித்தாரிலும் உள்ள ஏற்பாடுதான் அது. எனவே ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் தம்புராவை நினைவூட்டும் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

நோர்வேயின் வடபகுதியில் வாழும் சாமி இனத்தைச் சேர்ந்த மாரி பொய்னேயின் 'குலா குலா' தொகுப்பு 1989இல் வெளியானது. அவர் பின்னர் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் அதை அறியப்படாத தொகுப்பு என்று சொல்ல இயலாது. ஆனால் பள்ளிகளில் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த ஒரு மொழியில் பாடுவது என்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எது நிலைக்கிறது?

50 இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை கொண்ட நாட்டில் இத்தகைய தொகுப்புகள் சந்தையை மட்டும் நம்பி உயிர்வாழ முடியாது. நோர்வேக் கலைப் பேரவை தெரிவுசெய்யப்பட்ட இசைத்தொகுப்புகளைக் கொள்முதல் செய்து பொது நூலகங்களுக்கு வழங்கும் திட்டத்தை நெடுங்காலம் நடத்தி வந்தது. சிறு வெளியீட்டாளருக்கு அது உறுதியான விற்பனை. புறநகர் நூலகத்துக்கு வரும் மாணவருக்கோ, எந்தக் கடையிலும் தற்செயலாகக் கண்ணில் படாத ஓர் இசையை இலவசமாக வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வாய்ப்பு.

அதைவிட முக்கியமானது 1989இல் நிறைவேறி 1990இல் நடைமுறைக்கு வந்த கட்டாய வைப்புச் சட்டம். நோர்வேயில் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் நூல்களை மட்டுமன்றி ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வட நோர்வேயின் மோ இ ரானா நகரில், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட களஞ்சியத்தில் அவை பேணப்படுகின்றன. தரம், கருத்து, விற்பனை எதையும் இச்சட்டம் பார்ப்பதில்லை. தேவாலய எரிப்புகளின் காலத்தில் பிறந்த 'எ பிளேஸ் இன் த நோர்தர்ன் ஸ்கை' 2020இல் தேசிய நூலகத்தின் நிரந்தரக் கண்காட்சியிலும் இடம்பெற்றது. ஒரு காலத்தில் நாடே அஞ்சிய இசை, இப்போது நாட்டின் ஆவணம்.

இச்சட்டம் மொழியையும் பார்ப்பதில்லை என்பதே தமிழர்களுக்கு முக்கியமானது. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்தோனி ராஜேந்திரத்துடன் தொடங்கி, 1983க்குப் பின்னர் பெருகிய நோர்வேத் தமிழ்ச் சமூகம், தனக்கென ஒரு அண்டர்கிரவுண்ட் இசையைக் கொண்டிருந்தது. அதை யாரும் அப்படி அழைக்கவில்லை, அவ்வளவுதான். 1970களின் இலங்கைப் பொப் பாடல்களின் நாடாக்கள், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் ஆகியோரின் குரல்கள், கோயில் திருவிழாப் பதிவுகள், விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட போர்க்காலப் பாடல்கள் என அவை கைமாறிக் கைமாறிப் பிரதியெடுக்கப்பட்டன. போர்க்காலப் பாடல்களில் பிரசாரம் உண்டு என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், அக்காலத்து மக்கள் எதை நம்பினார்கள், எதற்காக அழுதார்கள் என்பதை அறிய விரும்பும் வரலாற்றாசிரியருக்கு அவை தவிர்க்க முடியாத சான்றுகள். பிளாக் மெட்டலுக்குப் பொருந்தும் அதே நியாயம் இவற்றுக்கும் பொருந்தும்.

நோர்வேச் சட்டத்தின் எல்லை, அந்நாட்டில் வெளியிடப்பட்டவற்றோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பாரிஸிலோ பதிவாகி ஒஸ்லோவில் கேட்கப்பட்ட நாடாக்களுக்கு அது பொருந்தாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின்னர், இலங்கைத் தமிழரின் ஆவணங்களைப் பேணும் பணி பெரிதும் தனிநபர்களிடமும் தன்னார்வ அமைப்புகளிடமும் விடப்பட்டது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையவழித் திட்டம் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. எனினும் அது ஒரு சட்டத்தின் பலத்தைக் கொண்டதல்ல.

காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. அதன் பூச்சு உதிர்கிறது, அதை இயக்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் கிடைப்பதில்லை. 2025க்குள் இலக்கமுறைக்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவை நிரந்தரமாக இழக்கப்படும் என அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்திருந்தது. பல தமிழ் நாடாக்களின் உறைகளில் பாடியவர் பெயரோ, வெளியிட்ட இடமோ, ஆண்டோ அச்சிடப்படவில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள், 1980களில் இருபது வயதில் நோர்வேக்கு வந்து, இப்போது ஓய்வூதிய வயதை நெருங்கிவிட்ட தலைமுறையினர்.