அகலக் கால் வைக்காதீர்கள்! விண்வெளிப் போரில் புதியவருக்குச் சில பாடங்கள்

2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி.

விண்வெளியில் ஒரு நட்சத்திர மண்டலம். அதை ஒரு பெரிய கூட்டணி தன் வசம் வைத்து இருந்தது. அதற்காகத் தவணைப் பணம் கட்ட வேண்டும். அன்று அந்தப் பணம் போய்ச் சேரவில்லை!

அவ்வளவுதான். மண்டலம் கை நழுவியது. எதிரிகள் பாய்ந்து வந்தார்கள். 21 மணி நேரம் பயங்கரச் சண்டை நடந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கலந்து கொண்டார்கள். மிகப் பெரிய ராட்சதக் கப்பல்கள் 75 வெடித்துச் சிதறின. நஷ்டம் சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

பயப்படாதீர்கள்! ஒரு உயிர் கூடப் போகவில்லை. ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை. சண்டை நடந்தது கம்ப்யூட்டரில். விளையாட்டின் பெயர் "ஈவ் ஆன்லைன்".

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த விளையாட்டில் இறங்கி இருக்கலாம். நீங்களே இறங்க ஆசைப்படலாம். இறங்கும் முன் இந்தப் பாடங்களைப் படித்து விடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே உலகம்

ஐஸ்லாந்து ஒரு குட்டி நாடு. மக்கள் தொகை சுமார் 4 லட்சம். அந்த நாட்டின் தலைநகர் ரெய்க்யவிக். அங்கே உள்ள சி.சி.பி. என்ற கம்பெனி, 2003-ம் ஆண்டு மே மாதம் இந்த விளையாட்டை வெளியிட்டது.

இதில் என்ன புதுமை?

மற்ற விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, தனித் தனி உலகங்களில் விடுவார்கள். இதில் அப்படி இல்லை. சீனாவுக்கு மட்டும் தனி உலகம். மற்ற நாட்டார் எல்லோருக்கும் ஒரே உலகம்தான். அதில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் உண்டு.

ஒருவர் பாறையை வெட்டித் தாது எடுப்பார். இன்னொருவர் அதை உருக்குவார். மூன்றாமவர் கப்பல் கட்டுவார். நான்காமவர் சந்தையில் விற்பார். ஐந்தாமவர் அதை வாங்கிச் சண்டைக்குப் போவார். எல்லோருமே ஆட்டக்காரர்கள்!

இந்தச் சந்தையைக் கவனிப்பதற்கென்றே, 2007-ம் ஆண்டு ஒரு பொருளாதார நிபுணரைக் கம்பெனி வேலைக்கு வைத்தது. அவ்வளவு பெரிய வியாபாரம்.

இங்கே செலாவணி ஆகும் பணத்துக்கு "இஸ்க்" என்று பெயர். அதன் மூன்று எழுத்துச் சுருக்கமும், ஐஸ்லாந்து நாட்டின் உண்மைப் பணமான குரோனாவின் சுருக்கமும் ஒன்றே!

இழந்தால் இழந்ததுதான்

பல விளையாட்டுகளில் தோற்றால் என்ன ஆகும்? மீண்டும் எழுந்து நிற்கலாம். கையில் இருந்த ஆயுதம் அப்படியே இருக்கும்.

இங்கே அப்படி இல்லை. கப்பல் உடைந்தால் உடைந்ததுதான். பீரங்கி போனால் போனதுதான். கம்பெனியிடம் அழுதாலும் திரும்ப வராது.

ஆகவே பழைய ஆட்டக்காரர்கள் புதியவருக்கு முதலில் சொல்லும் புத்தி இதுதான்: "இழந்தால் தாங்க முடியாத கப்பலில் ஏறாதே!"

நம் ஊரில் சொல்வோமே, "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று! அதுதான் இது.

புதியவர் செய்யும் தவறு என்ன? ஒரு மாதம் பாடுபடுகிறார். பணம் சேர்க்கிறார். அத்தனையையும் கொட்டி ஒரு பெரிய போர்க் கப்பல் வாங்குகிறார். அதை ஓட்டும் திறமை இன்னும் வரவில்லை. முதல் வாரத்திலேயே கப்பல் போய் விடுகிறது. மனம் உடைகிறது. "இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று போய் விடுகிறார்.

புறப்படும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தக் கப்பல் போனால், இதே போல் இன்னும் இரண்டு வாங்க என்னிடம் பணம் இருக்கிறதா?" இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் சின்னக் கப்பலில் போங்கள்.

கப்பலுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் அது கப்பலுக்கு மட்டுமே. அதில் பூட்டிய பீரங்கிக்கும், ஏற்றிய சரக்குக்கும் ஒரு காசு கிடைக்காது.

சின்னக் கப்பல் கேவலம் அல்ல

"சின்னக் கப்பலை வைத்துக் கொண்டு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள்.

நிறையச் செய்யலாம். சின்னக் கப்பலுக்கு வேகம் அதிகம். பெரிய பீரங்கிகளால் அதைச் சுலபமாகக் குறி வைக்க முடியாது. கூட்டமாகப் போகும்போது, எதிரியின் கப்பலை ஓட விடாமல் பிடித்து நிறுத்தும் வேலை அதற்கு உண்டு. பின்னால் வரும் பெரிய கப்பல்கள் எதிரியை அடிக்கும்.

எதிரி ஓடி விட்டால் சண்டையே இல்லை. ஆகவே பிடித்து நிறுத்துகிறவருக்கு மதிப்பு உண்டு. இந்த வேலையைச் சில நாட்களிலேயே கற்றுக் கொள்ளலாம்.

போலீஸ் வரும். ஆனால்...

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை இருந்தால், அங்கே போலீஸ் உண்டு. 0.1 முதல் 0.4 வரை உள்ள இடத்தில் போலீஸ் வராது. 0.0-வும் அதற்குக் கீழும் சட்டமே இல்லாத காடு! அங்கே ஆட்டக்காரர்களின் கூட்டணிகள் வைத்ததே சட்டம்.

புதியவர்கள் போலீஸ் உள்ள இடத்தில்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். "இங்கே நமக்குப் பயம் இல்லை" என்று நினைப்பார்கள்.

அது தப்பு!

போலீஸ் வரும். குற்றவாளியின் கப்பலைக் கட்டாயம் உடைக்கும். ஆனால் அது வருவதற்குச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகளில் உங்கள் கப்பல் போய் விடும். போலீஸ் தண்டனை கொடுக்கும், காப்பாற்றாது.

கணக்குப் போடும் திருடர்கள்

கொள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக் கொண்டு சுடுவது இல்லை. உங்கள் கப்பலில் என்ன சரக்கு இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு கணக்குப் போடுகிறார்கள்.

உங்கள் சரக்கின் விலை 10 கோடி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் பாதி எரிந்து போனாலும் 5 கோடி மிஞ்சும். அவர்களுடைய கப்பல்களின் மொத்த விலை 2 கோடி. போலீஸ் அவற்றை உடைத்தாலும் 3 கோடி லாபம்! சுடுவார்கள். கூட்டாளி ஒருவர் வந்து சரக்கை அள்ளிக் கொண்டு போவார்.

உங்கள் சரக்கு வெறும் 1 கோடி என்றால்? அவர்களுக்கு நஷ்டம். பெரும்பாலும் விட்டு விடுவார்கள்.

ஆகவே சரக்கைப் பிரித்துப் பல நடையாகக் கொண்டு போங்கள். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் தூக்கிப் போகாதீர்கள்.

இன்னொன்று. கப்பலைத் தானாக ஓட விட்டு விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தானாக ஓடும் கப்பல், மண்டல வாசலுக்குச் சற்றுத் தூரத்தில் நின்று, அங்கிருந்து மெதுவாக ஊர்ந்து போகும். திருடனுக்கு அதுதான் நல்ல சமயம்.

ஒரு நிமிடம் பொறுங்கள்

ஒரு வாசலைத் தாண்டிப் புதிய மண்டலத்துக்குள் வருகிறீர்கள். அப்போது சுமார் ஒரு நிமிடம் யார் கண்ணுக்கும் உங்கள் கப்பல் தெரியாது. அசைந்தால் தெரிந்து விடும்.

அந்த ஒரு நிமிடத்தை வீணாக்காதீர்கள். சுற்றிலும் யார் நிற்கிறார்கள்? அந்த மண்டலத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பக்கத்தில் தெரியும். அதைப் பாருங்கள். ஆபத்து என்று தோன்றினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அசையுங்கள்.

கப்பல் உடைந்து விட்டதா? கலங்கி உட்காராதீர்கள். முட்டை போன்ற ஒரு சிறு கலத்தில் நீங்கள் மிதப்பீர்கள். உடனே ஏதாவது ஒரு கிரகத்துக்கு அதைச் செலுத்துங்கள். அந்தக் கலமும் உடைந்தால், வேறு நிலையத்தில் புது உடலில் கண் விழிப்பீர்கள். ஆனால் பழைய உடலில் பொருத்திய விலை உயர்ந்த கருவிகள் போய் விடும்.

"பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்!"

"ஜீட்டா" என்று ஒரு மண்டலம். இந்த உலகின் மிகப் பெரிய சந்தை அங்கேதான் கூடுகிறது. சந்தை இருந்தால் முடிச்சவிழ்க்கிகளும் இருப்பார்கள் அல்லவா?

"எனக்குப் பணம் அனுப்புங்கள். இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று ஒருவர் கூவுவார். சின்னத் தொகை அனுப்பினால் இரட்டிப்பாக வந்தாலும் வரலாம். ஆசை வளரும். பெரிய தொகை அனுப்புவீர்கள். ஆசாமி மறைந்து விடுவார்!

இன்னொருவர் விலையில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டி எழுதி இருப்பார். அவசரத்தில் ஒரு கோடிப் பொருளைப் பத்துக் கோடிக்கு வாங்கி விடுவீர்கள்.

ஆட்டத்துக்குள் நடக்கும் இப்படிப்பட்ட ஏமாற்று வேலைகளை விதிகள் பெரும்பாலும் தடுப்பது இல்லை. கம்பெனி பணத்தைத் திருப்பித் தராது. பூஜ்யங்களை எண்ணிப் பாருங்கள். இனாமாகப் பணம் தருகிறவன் எந்த உலகிலும் இல்லை.

தனியாகப் போகாதீர்கள்

இவ்வளவு ஆபத்து உள்ள இடத்தில் தனி ஆள் என்ன செய்வான்? ஆகவே ஒரு குழுவில் சேருங்கள்.

புதியவர்களுக்குப் பாடம் சொல்வதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் "ஈவ் யுனிவர்சிட்டி". ஆட்டக்காரர்களே 2004-ம் ஆண்டு அதைத் தொடங்கினார்கள். யாரும் சேரலாம். காசு கொடுக்காமல் கற்றுக் கொள்ளலாம்.

ஆனால் நண்பரையும் அளந்துதான் நம்ப வேண்டும். 2005-ம் ஆண்டு ஒரு கூலிப்படையினர் ஒரு பெரிய குழுவுக்குள் நல்லவர்கள் போல் நுழைந்தார்கள். சுமார் ஒரு வருடம் நடித்தார்கள். தலைவியின் நம்பிக்கையைப் பெற்றார்கள். பிறகு ஒரே நாளில் களஞ்சியத்தைச் சூறையாடினார்கள். தலைவியின் கப்பலையும் உடைத்தார்கள். நஷ்டம் சுமார் 16 ஆயிரம் டாலர் என்றார்கள்.

பெட்டிச் சாவியை எல்லோரிடமும் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் குழு படித்த பாடம்.

பெற்றோர் கவனத்துக்கு

இந்த விளையாட்டைக் காசு இல்லாமலே ஆடலாம். மாதச் சந்தா கட்டினால் கூடுதல் திறமைகள் கிடைக்கும். உண்மைப் பணம் கொடுத்து "பிளெக்ஸ்" என்ற பொருளை வாங்கி, அதை விளையாட்டுப் பணமாக மாற்றவும் வழி உண்டு. ஆபத்து அங்கேதான்! கப்பல் போன ஆத்திரத்தில் பிள்ளைகள் வீட்டுப் பணத்தில் கை வைக்கக் கூடும். முதல் நாளே வரம்பு கட்டி விடுங்கள்.

ஆட்டப் பணத்தைக் கம்பெனிக்குத் தெரியாமல் உண்மைப் பணத்துக்கு விற்பது குற்றம். கணக்கையே மூடி விடுவார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த விளையாட்டில் திறமை தானாக வளர்கிறது. எந்தத் திறமை வேண்டும் என்று குறித்து வைத்தால் போதும். கம்ப்யூட்டரை மூடி விட்டுத் தூங்கினாலும் அது வளரும். ஆகவே ராத்திரி கண் விழிக்க வேண்டியது இல்லை! "திறமை வளரட்டும். நீ போய்ப் படு" என்று பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு நாள் பிள்ளை முகம் வாடி வரலாம். "என் கப்பல் போச்சு" என்று சொல்லலாம். சிரிக்காதீர்கள். அது அவன் பல நாள் பாடுபட்டுச் சேர்த்த பொருள். "எதனால் போயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். அவனே யோசித்துப் பதில் சொல்வான். அடுத்த முறை அந்தத் தவறைச் செய்ய மாட்டான்.

உடைந்த கப்பல்கள் சொல்லும் பாடம்

2014-ம் ஆண்டு நடந்த அந்தப் பெரிய சண்டையின் நினைவாக, ராட்சதக் கப்பல்களின் உடைசல்களை அந்த மண்டலத்திலேயே மிதக்க விட்டார்கள். கம்பெனியே அப்படி ஏற்பாடு செய்தது.

தோற்றவர்கள் புதியவர்கள் அல்ல. பல வருட அனுபவசாலிகள். ஆயிரக்கணக்கில் கப்பல் வைத்து இருந்தவர்கள். ஆனாலும் ஒரு தவணைப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று சரி பார்க்கத் தவறினார்கள்.

பெரியவர்களே சறுக்கிய இடம் இது. புதியவர் சறுக்குவதில் வெட்கம் இல்லை. சறுக்கினாலும் எழுந்து நடக்கக் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கொள்ளுங்கள்.

அகலக் கால் வைக்காதீர்கள்!