கால்வாயில் ஒரு கவச மீன்: பிடித்தால் மட்டும் போதுமா?

கொழும்பில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரை அறியாத பிள்ளைகள் இல்லை எனலாம். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கறுத்த மீன் அது. கடையில் வாங்கும்போது விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஒரு முழத்தை எட்டும். அப்போது தொட்டி போதாது. கொல்லவும் மனம் வராது. ஆகவே வெள்ளவத்தையில் இருப்பவர் அதைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போய்க் கால்வாயில் விட்டுவிடுகிறார். கொட்டாஞ்சேனைப் பக்கத்தவருக்குச் சென் செபஸ்தியன் கால்வாய் இருக்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

அந்த மீன் எங்கே போகிறது? வெள்ளவத்தைக் கால்வாயும், தெஹிவளைக் கால்வாயும், கிருலப்பனை, தெமட்டகொட, சென் செபஸ்தியன் கால்வாய்களும் தனித்தனியானவை அல்ல. அவை ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே நீர்வலை. தெற்கே இரு வாய்களால் கடலையும், வடக்கே களனி ஆற்றையும் தொடுகின்றன. கிழக்கே தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலங்களோடு சேர்கின்றன. 2016 மே மாதத்தில் களனி பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியபோது குளம் எது, கால்வாய் எது, வீதி எது என்று பிரித்தறிய முடியவில்லை. அத்தகைய நாட்களில் மீனுக்கு எல்லை ஏது? நகரத்தில் விடப்பட்ட மீன் கிராமத்து ஓடையை அடைவது இப்படித்தான்.

இந்த மீனின் தாயகம் தென் அமெரிக்கா. உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் கவசமாக மூடியிருப்பதால் விராலோ நீர்க்காகமோ அதை எளிதில் விழுங்க முடியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் மூலம் சுவாசிக்கும். ஆகவே மற்ற மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும் சாக்கடை நீரிலும் இது பிழைத்துக்கொள்கிறது. ஈரம் இருந்தால் கரையிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

இதன் இனப்பெருக்கம்தான் நமக்குப் பெருந்தலையிடி. ஆண் மீன் மண்கரையைக் குடைந்து வளை தோண்டுகிறது. வளை மூன்றடி வரைகூட நீளும். அதற்குள் பெண் மீன் இட்ட முட்டைகளை ஆண் காவல் காக்கிறது. ஒரு கரையில் இவ்வாறு பல வளைகள் சேர்ந்தால் மண் இளகிச் சரிகிறது. கொங்கிறீற் கட்டிய கால்வாய்க்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. மண்கரைக் கால்வாய்க்கும், வாய்க்காலுக்கும், குளக்கட்டுக்கும் பாதிப்பு உண்டு. சரிந்த மண் கால்வாயின் அடியில் படிந்தால் அடுத்த மழைக்கு வெள்ளம் யாருடைய வாசலுக்கு வரும் என்பதைக் கால்வாய்க்கரைக் குடிசைகளில் வாழ்வோர் நன்கு அறிவர்.

மீனவருக்கு வேறொரு துன்பம். செட்டைகளின் முன்முள் வலையில் சிக்கினால் கண்ணிகளை அறுத்தாலொழிய மீனை எடுக்க முடியாது. மெக்சிக்கோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்தில், முன்பு திலாப்பியா நிறைந்த வலைகளில் இந்தக் கவச மீன்களே நிறையத் தொடங்கின. நமக்கு அருகில், திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயிலும் இவை குடியேறியிருப்பதை ஆய்வாளர்கள் 2015இல் எழுதினர். அதுவும் நம்முடையதைப் போன்ற ஒரு நகரக் கால்வாய்தான்.

இது ஒன்று மட்டுமல்ல. 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தில், கத்தி போன்ற உடலும் கண் போன்ற புள்ளிகளும் கொண்ட இன்னொரு அலங்கார மீன் பரவியது. அது சிறுமீன்களை வேட்டையாடும் இனம். குருநாகல் மாவட்டத்தின் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்திலோ தென்கிழக்கு ஆசியாவின் இராட்சத விரால் புகுந்துவிட்டது. சிறுமீனும் இறாலும் குறைந்துவிட்டன என்று அங்குள்ள மீனவர்கள் முறையிட, 2025இல் அதைப் பிடிக்கத் தூண்டில் போட்டியும் நடந்தது.

போட்டி மக்களின் கவனத்தைத் திருப்பும். அந்த அளவில் நல்லதே. ஆனால் போட்டியில் பெரிய மீனுக்குத்தான் பரிசு. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், வெறுங்கையோடு போனவர்கள் எத்தனை பேர் என்பதை எழுதி வைத்தால்தான் மீன் குறைகிறதா என்று அடுத்த ஆண்டு சொல்ல முடியும். குவியலாகக் கிடக்கும் மீன் படத்துக்கு அழகு. தண்ணீருக்குள் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதை அது காட்டாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓடையின் ஒரு பகுதியில் 10 கூடுகளை 2 இரவுகள் வைத்து 60 மீன் பிடித்தோம். அடுத்த மாதம் உற்சாகம் கூடி, 20 கூடுகளை 4 இரவுகள் வைத்து 80 பிடித்தோம். ஊரில் கேட்டால், “போன முறையைவிட இருபது கூட! மீன் பெருகிவிட்டது” என்பார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. முதல் முறை ஒரு கூட்டுக்கு ஓர் இரவில் 3 மீன். இரண்டாம் முறை 1 மீன். உண்மையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ‘ஒரு கூட்டுக்கு ஓர் இரவில் எத்தனை’ என்ற இந்த ஒற்றை எண்ணே நமக்கு வழிகாட்டி.

மொத்தம் எத்தனை மீன் இருந்தன என்றுகூட மதிப்பிடலாம். ஓடையின் ஒரு துண்டை இரு முனையிலும் வலையால் அடைத்து, ஒரே கூடுகளை ஒரே அளவு நேரம் இரு தடவை வையுங்கள். முதலில் 60, அடுத்து 40 கிடைத்தால், பிடிபாடு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கிறோம் என்று கொள்ளலாம். முதல் 60 மூன்றில் ஒரு பங்கு என்றால், தொடக்கத்தில் இருந்தவை ஏறக்குறைய 180. நூறு பிடித்துவிட்டோம் என்று மகிழும்போது இன்னும் 80 உள்ளே இருக்கின்றன. சிறிய எண்ணிக்கைகளில் இக்கணக்குச் சறுக்கும் என்பதால் மூன்றாம், நான்காம் தடவையும் வைப்பது உத்தமம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. பாடசாலைகள் கையிலெடுத்தால் நல்லது.

பிடிக்கும் முறைக்கு வருவோம். பாசி தின்னும் மீனாதலால் தூண்டிலை இது அனேகமாகத் தொடாது. இரவில் நடமாடுவது, ஆகவே வாய் அகன்று உள்ளே ஒடுங்கும் கூடுகளை மாலையில் வைத்து விடியற்காலையில் தூக்க வேண்டும். சிங்களக் கிராமங்களில் மூங்கிலால் முடையும் ‘கெமன’வும் இதே அமைப்புடையதுதான். கூட்டின் ஒரு பகுதி கட்டாயம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். முழுதும் அமிழ்த்தினால் ஆமையும் நீர்நாயும் உள்ளே புகுந்து மூச்சுமுட்டிச் சாகும். நீர் வற்றிய காலத்தில் கரையின் வளைகளைக் கையால் சோதித்து முட்டைகளை அகற்றுவதும் பயன் தரும்; பின்னர் வளையை மண்ணிட்டு இறுக்க மறக்கக் கூடாது.

கொப்பியில் திகதி, இடம், கூடுகளின் எண்ணிக்கை, நீர்மட்டம், ஒவ்வொரு மீனின் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றும் அகப்படாத கூட்டுக்கும் ‘0’ என்று எழுத வேண்டும். அதை விட்டுவிடுவதே வழக்கமான பிழை. நீளம் ஏன்? பெரியவை குறைந்து குஞ்சுகள் கூடுமானால், அவ்விடத்திலேயே இனம் பெருகுகிறது அல்லது மேலேயிருந்து வந்து சேர்கிறது என்று பொருள். அப்போது கூடுகளை ஓடையின் மேற்பகுதிக்கு நகர்த்த வேண்டும்.

நகரக் கால்வாய்களில் கூடு வைக்குமுன் அவற்றைப் பராமரிக்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும், சரணாலயங்களில் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் அனுமதி பெறுங்கள். இனம் தெரியாத மீன் அகப்பட்டால் மட்டக்குளி, காக்கைதீவிலுள்ள ‘நாரா’ நிறுவனத்தாரிடம் காட்டலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அது தூரமில்லை. பிடித்த மீனைக் கரையில் எறிந்துவிட்டு வராதீர்கள். துள்ளித் துள்ளித் தண்ணீருக்கே போய்விடும். வேதனை நீடிக்காமல் கொன்று, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். நகரச் சாக்கடை நீரில் பிடித்ததைக் கறிக்கோ கோழித்தீனிக்கோ எடுக்க வேண்டாம். அந்த நீரின் உலோக நஞ்சுகள் மீனின் உடலில் தங்கக்கூடியவை.