கற்பனையுலகின் தொல்வரலாறு: ஓர் ஆய்வுக் குறிப்பு

ஆக்கவிலக்கியத்தில் இல்லாத நாடொன்றைப் படைத்துக் காட்டும் முயற்சி புதியதன்று. 1516ஆம் ஆண்டில் தோமஸ் மோர் இலத்தீன் மொழியில் வெளியிட்ட ‘யுற்றோப்பியா’ ஒரு தீவைப் பற்றியது. அத்தீவு ஆதியில் தீவாக இருக்கவில்லை என்கிறார் மோர். அந்நிலத்தை வென்ற யுற்றோப்பஸ் என்னும் மன்னன், பெருநிலத்தோடு அதனை இணைத்திருந்த 15 மைல் நிலப்பகுதியை வெட்டிக் கடலை உட்புகச் செய்தான். அவ்வேலையில் தோல்வியுற்ற குடிகளை மட்டுமன்றித் தன் படைவீரரையும் அவன் ஈடுபடுத்தினான். உழைப்பைக் குடிகள் தமக்கிழைக்கப்பட்ட அவமதிப்பெனக் கருதலாகாது என்பதே காரணம். அத்தீவின் ஏடுகள் அவ்வெற்றியிலிருந்து 1760 ஆண்டு வரலாற்றைப் பேணி வருவதாகவும் நூல் கூறுகின்றது. இதற்கு மோர் செலவிட்டவை சில வாக்கியங்களே. எனினும், எல்லோரும் நாளுக்கு ஆறு மணிநேரம் உழைக்கும், தனிச்சொத்தற்ற சமுதாயம் ஒன்று எவ்வாறு தோன்றிற்று என்ற வினாவுக்கான விடையின் ஒரு பகுதி அவ்வாக்கியங்களில் அடங்கியுள்ளது. அந்நாட்டின் முதல் நிகழ்ச்சி ஒரு கூட்டுழைப்பு.

புனைவுலகொன்றின் தொல்வரலாறு என்று இக்கட்டுரையிற் குறிக்கப்படுவது, அவ்வுலகில் எழுத்துச் சான்று தொடங்குவதற்கு முற்பட்ட காலம் ஆகும். கதை பெரும்பாலும் அதற்கு மிகப் பிந்தியே நிகழும். ஆதலின் அக்காலம் வாசகனுக்கு நேரே காட்டப்படுவதில்லை. உணவு, கருவி, வழக்காறு, இடப்பெயர், விலக்கு ஆகியவற்றில் எச்சமாகவே தென்படும். எழுத்தாளர் பலர் இதனை அரசவமிசப் பட்டியலாக்கி விடுகின்றனர். இன்ன மன்னன் இத்தனை ஆண்டு ஆண்டான், இன்ன போரில் இன்ன குலம் அழிந்தது என ஆண்டுக் கணக்குகள் நீளும். அவ்வளவு மன்னர்களுக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

இத்தகைய அமைப்புக்குத் தமிழில் நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைத் தருகின்றது. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு நிலவின என்பது அதன் கணக்கு. மூன்றும் 37 என்னும் எண்ணால் மீதியின்றி வகுபடுவன. முதற்சங்கத்தைப் பேணிய அரசர் 89 பேர், பாடியோர் 4449 பேர் எனத் தொகைகள் தரப்படுகின்றன. உழுதவர் எத்தனை பேர் என்பதற்குத் தொகை இல்லை. விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேற்றர் 1864இல் மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட லெமூர் இனத் தொடர்பை விளக்குதற்காக லெமூரியா என்னும் நிலப்பரப்பைக் கருதுகோளாக முன்வைத்தார். பின்னாளில் தமிழறிஞர் சிலர் அதனைக் கடல்கொண்ட நாட்டோடு இணைத்தனர். புவித்தட்டுக் கொள்கை 1960களில் நிலைபெற்றதும் லெமூரியாவின் தேவை அறிவியலில் அற்றுப்போயிற்று. நம்மிடையே மட்டும் அது அறவில்லை. யார் முதலில் வந்தவர் என்ற வினாவை உரிமைப் போட்டியின் ஆயுதமாக இரு மொழியாரும் பயன்படுத்திய இந்நாட்டில், தொல்வரலாறு எவ்வாறு கட்டப்படுகின்றது என்பதை அறிந்திருத்தல் இலக்கிய மாணவருக்கு மட்டும் உரிய விடயமன்று. புனைவென ஒப்புக்கொண்டு புனையப்படும் தொல்வரலாறுகளை ஆராய்வதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

நவீன புனைவுலகுகளில் மிகவும் பெயர்பெற்றது ஜே. ஆர். ஆர். ரோல்கின் படைத்த நடுவுலகமாகும். 1937இல் ‘ஹொபிற்’, 1954-55இல் ‘மோதிரங்களின் அதிபதி’, ஆசிரியர் இறந்தபின் 1977இல் அவர் மகனாற் பதிப்பிக்கப்பெற்ற ‘சில்மரிலியன்’ என்பன அதன் முக்கிய நூல்கள். ரோல்கின் பழைய ஆங்கிலத்தில் வல்ல மொழிநூற் பேராசிரியர். அவர் முதலில் மொழிகளைப் படைத்தார். அம்மொழிகளைப் பேசுதற்கு மக்களும், அம்மக்கள் வாழ்தற்கு உலகும் பின்னரே தோன்றின. ஒரு மூலமொழியின் ஒலிகள் திரிந்து இரு மொழிகளாகப் பிரிவது, அதனைப் பேசியோர் பிரிந்து சென்ற வரலாற்றை உடன் உணர்த்துகின்றது. ஆகவே அவருடைய இடப்பெயர் ஒவ்வொன்றின் பின்னும் உண்மையான காலவாழம் உண்டு. பிறர் இதனைப் பின்பற்ற முனைந்து, ஒலிநயமுள்ள பெயர்களை மட்டும் உண்டாக்கி நின்றுவிட்டனர்.

ஆனால் அவருடைய ஆழம் சொல்லில் இருந்த அளவுக்குச் சோற்றில் இல்லை. ‘ஹொபிற்’ முதற் பதிப்பில் விருந்தாளி ஒருவருக்குக் குளிர்ந்த கோழியிறைச்சியுடன் தக்காளி பரிமாறப்படுகின்றது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. பழைய ஐரோப்பாவைப் போன்ற உலகொன்றில் அது எவ்வாறு வந்தது? 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆசிரியர் தக்காளியை நீக்கி ஊறுகாயை வைத்தார். உருளைக்கிழங்கு நீங்கவில்லை. புகையிலைக்கோ, அது பண்டு கடல்கடந்து வந்தவரால் கொணரப்பட்டிருக்கலாம் என்று கதைமாந்தர் ஒருவரின் குறிப்பு வாயிலாக விளக்கம் தந்தார். ஒரு காய்கறி ஆசிரியரைத் தம் உலகின் கடல்வழிகளைப் பற்றிச் சிந்திக்க வைத்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

இதைவிட முக்கியமானது மோர்டோர் பற்றிய செய்தி. கொடுங்கோலனின் அந்நாட்டில் கதைமாந்தர் கண்முன் விரிவது சாம்பலும் பாறையுமே. இலட்சக்கணக்கான படையினர் எதை உண்டனர்? தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் உழும் பெருவயல்கள் இருந்தன எனவும், கிழக்கிலும் தெற்கிலுமுள்ள திறைநாடுகளிலிருந்து பண்டங்களும் புதிய அடிமைகளும் வந்துகொண்டிருந்தனர் எனவும் ஆசிரியர் சுருக்கமாகக் கூறிக் கடந்து செல்கின்றார். அவ்வுலகின் மாபெரும் போரைத் தாங்கிநின்ற உற்பத்தி முறையைப் பற்றி அம்முந்நூலிற் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவே. ரோல்கின் வினாவை அறியாதவர் அல்லர். அறிந்தும் அதனைக் கதையின் ஓரத்தில் வைத்தார். கத்தோலிக்க நம்பிக்கையும் இயந்திர நாகரிகத்தின் மீதான வெறுப்பும் கொண்ட ஒருவர், ஷயர் நாட்டின் தோட்டங்களை அன்போடு விவரித்ததும் அடிமை வயல்களை ஒரு வரியில் முடித்ததும் தற்செயலானவையல்ல.

பொருளியல் அடிப்படையிலிருந்து தொடங்கின் புனைவு வறண்டுபோகும் என்று கூறுவோர் உளர். எதிர்மாறானதே உண்மை. ஒரு கதைவீரன் கையில் வெண்கல வாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெண்கலம் செம்போடு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை. செம்பு பல இடங்களிற் கிடைக்கும். வெள்ளீயம் சில இடங்களிலேயே கிடைக்கும். ஆகவே வெண்கல வாள் உள்ள நாட்டில் தொலைதூர வாணிகம் உண்டு. வாணிகம் இருப்பின் வழிகாவலும் சுங்கமும் களஞ்சியமும் கணக்கனும் உண்டு. துருக்கியின் தென்கடற்கரையில் உலுபுரூண் என்னுமிடத்தில் 1982இல் கண்டறியப்பட்ட, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குரிய கப்பலில் ஏறத்தாழ 10 தொன் செம்பும் 1 தொன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலத்துக்கு வேண்டிய விகிதமே அது. அக்கப்பலைச் செலுத்தியவர், சுரங்கத்தில் இறங்கியவர், பாளங்களைச் சுமந்தவர் ஆகியோரை நினைத்தாலே பல கதைகளுக்கு இடமுண்டு. வாளேந்தியவன் அவற்றுள் ஒருவன் மட்டுமே.

இவ்வழியில் மேலும் முன்னே சென்றவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். மானிடவியலாளர் அல்பிரட் குரோபரின் மகள் அவர் என்பது அவருடைய நூல்களைப் படிப்போருக்கு விளங்காமற் போகாது. 1969இல் வெளிவந்த ‘இருளின் இடக்கரம்’ என்னும் நாவல் கெதென் என்ற கடுங்குளிர்க் கோளில் நிகழ்வது. அங்கு இறைச்சிக்குரிய பெருவிலங்குகள் இல்லை. ஆகவே பாலும் வெண்ணெயும் இல்லை. முட்டை, மீன், கொட்டைகள், ஹெயின் தானியங்கள் ஆகியனவே உணவு. பனிவெளியைக் கடக்கும் இருவர் தம் சறுக்குவண்டியைத் தாமே இழுக்கின்றனர். பறப்பன எவையும் இல்லாமையால் பறக்கும் எந்திரம் அமைக்கும் எண்ணமே அங்கு எழவில்லை. எந்திர யுகம் 30 நூற்றாண்டுகளாக நிலவியும் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்துள்ளது.

‘ஹெயின் தானியங்கள்’ என்ற தொடரை வாசகன் எளிதிற் கடந்துவிடுவான். ஆயின் அக்கோளின் தொல்வரலாறு முழுவதும் அதிலுண்டு. பன்னெடுங் காலத்துக்கு முன் ஹெயின் என்னும் வேற்றுக்கோளின் மக்கள் அங்குக் குடியேறினர் அல்லது குடியேற்றப்பட்டனர், தொடர்பு அறுந்தது, மக்கள் மறந்தனர், தானியம் எஞ்சியது. கெதென் மக்களின் படைப்புக் கதையோ பனிக்கட்டியிலிருந்து உலகு தோன்றியதாகக் கூறும். மக்கள் தம் தோற்றம் பற்றிச் சொல்வது ஒன்று, அவர்களின் உணவு சொல்வது வேறொன்று. இம்முரணே அவ்வுலகுக்கு மெய்ம்மை அளிக்கின்றது. தம் தோற்றத்தைச் சரியாக அறிந்த மக்களைப் படைக்கும் எழுத்தாளர், தொன்மங்கள் எதற்காகத் தோன்றுகின்றன என்பதை விளங்கிக்கொள்ளாதவர்.

‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற 1884ஆம் ஆண்டு நூலில் ஏங்கெல்ஸ், வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரின் மறுவுற்பத்தியையும் வரலாற்றின் அடிப்படையாகக் கொண்டார். லெ குவின் இவ்விரண்டாவதையும் மாற்றிப் பார்த்தார். கெதென் மக்கள் நிலையான ஆண்பாலரோ பெண்பாலரோ அல்லர், மாதத்திற் சில நாட்களே பாலியல்பு அவர்களிடம் தோன்றும், எவரும் தாயாகலாம். பாலடிப்படையான வேலைப்பிரிவினை ஆதியிலேயே இல்லையெனின் எத்தகைய சமுதாயம் உருவாகும்? மரபுவழி பெற்றவரைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. பகையும் கொலையும் உண்டு, பெரும்போர் இல்லை. போரின்மைக்குக் காரணம் பாலமைப்போ கடுங்குளிரோ என்பதில் நாவலில் வரும் ஆய்வாளரே தெளிவான முடிவுக்கு வரவில்லை. அத்தயக்கத்தை நான் மதிக்கின்றேன். ஆயினும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். பயிரை வெளியிலிருந்து வருவித்தமையால், காட்டுப்புல் எவ்வாறு தானியமாயிற்று, அதில் யாருடைய தலைமுறைகள் தேய்ந்தன என்னும் வினாவை ஆசிரியர் தவிர்த்துவிட்டார்.

அவ்வினாவில் மார்க்சியர் நம் கருத்துகளையும் மீளாய்வு செய்தல் தகும். கோடன் சைல்ட் 1936இல் வெளியிட்ட ‘மனிதன் தன்னைத்தானே ஆக்குகிறான்’ என்ற நூல், வேளாண்மை, உபரி, நகரம், அரசு என்ற வரன்முறையை நமக்குக் கற்பித்தது. அதன் பெறுமதி இன்றும் குன்றவில்லை. ஆனால் தென்கிழக்குத் துருக்கியிலுள்ள கோபெக்லி தெப்பேயில் 1995இல் தொடங்கிய அகழ்வுகள், ஏறத்தாழ கி.மு. 9500 அளவில் பயிரும் வளர்ப்பு விலங்கும் இல்லாத மக்கள் பெருங்கற்றூண்களை நாட்டியதைக் காட்டின. சடங்குக்குக் கூடிய கூட்டமும் அதற்கு உணவளிக்கும் தேவையும் உழவுக்கு முந்தியே இருந்துள்ளன. ஜேம்ஸ் ஸ்கொட் 2017இல், ஒரே காலத்தில் விளைந்து கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் தானியமே வரிகொள்வோனுக்கு உகந்தது என்றும், மண்ணுள் மறையும் கிழங்கு அவனுக்கு எட்டாது என்றும் வாதிட்டார். இன்கா அரசு உலர்த்திய உருளைக்கிழங்கையும் களஞ்சியத்திற் சேர்த்தது என்பதால் இதுவும் விதிவிலக்கற்றதன்று. எனினும், கிழங்குண்ணும் மலைநாட்டில் பேரரசை அமைக்கும் எழுத்தாளர் அக்கிழங்கை யார் எவ்வாறு உலர்த்தினர் என்று சொல்லக் கடமைப்பட்டவராவார்.

கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசையும் எங்கும் பொருந்துவதன்று. இலங்கையில் தனியான வெண்கலக் காலம் நிறுவப்படவில்லை. நுண்கற் கருவிகளை அடுத்து இரும்பே வருகின்றது. மேலும் ஒரு நாட்டின் எல்லாப் பகுதிகளும் ஒரே காலத்தில் ஒரே படிநிலையில் நிற்பதில்லை. நம் ஐந்திணை மரபு இதனைக் காணும் கருவியொன்றை ஏற்கெனவே நமக்குத் தந்துள்ளது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களை ஒரு புனைவுலகின் ஒவ்வொரு நிலத்துக்கும் நிரப்பிப் பார்ப்பது எந்த வமிசப் பட்டியலையும்விடப் பயனுடையது. 1974இல் பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டைச் சமனற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கினார். வேட்டுவனும் ஆயனும் உழவனும் பரதவனும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். உப்புக்கு நெல் மாறினர். ஒருவர் ஆநிரையை மற்றவர் கவர்ந்தனர். புனைவுலகின் இயக்கம் இத்தகைய எல்லைகளிலேயே பிறக்கும். குறிஞ்சியை முதலில் முடித்துப் பின் முல்லை, அதன்பின் மருதம் என்று அடுக்கும் ஆசிரியர் நூலகத் தட்டையே அடுக்குகின்றார்.

ரோல்கினின் கதை முடிவில் புதிய மன்னன் மோர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலம் முழுவதையும் அவர்களுக்கே உரிமையாக்குகின்றான். இதுவும் ஒரு வாக்கியமே. அவர்கள் எந்நாடுகளிலிருந்து கொணரப்பட்டவர், எம்மொழிகளைக் கலந்து பேசினர், எப்பயிரை விதைத்தனர், தம் பிள்ளைகளுக்குத் தம் தோற்றம் பற்றி என்ன கதை சொன்னார்கள் என்பவை அந்நூலிற் கூறப்படவில்லை.