கூட்டு லாரியும் கூட்டுக் குடிநீரும்



1988 வாக்கில் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் மளிகை வியாபாரி ஒருவரும் ஒரே லாரியில் விருதுநகரிலிருந்து சரக்கு ஏற்றி வந்தோம். பருப்பு, வற்றல், எண்ணெய் எல்லாம் அதில்தான் வரும். வண்டி முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் சரக்கை இறக்கும். பிறகு ராஜபாளையம் வந்து என் கிட்டங்கியில் இறக்கும். வாடகை ஆளுக்குப் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் சரக்கு கூடுதலாக ஏறியது. என்னுடைய 20 மூடை விருதுநகரிலேயே நின்றுவிட்டது. "பாதி வாடகை தருகிற எனக்குப் பாதி இடம் வேண்டாமா?" என்று கேட்டேன். "உங்க ஊருக்குத்தானே அண்ணாச்சி வண்டி கூடுதல் தூரம் ஓடுது, அதுக்கு இத்தனை நாள் யார் கணக்குப் பார்த்தா?" என்றார் அவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. தீர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதினார். வாடகை மூடைக் கணக்கில், பட்டுவாடா மாதம் 5-ஆம் தேதி, தகராறு வந்தால் அவர் சொல்வதே முடிவு. அதன்பின் பல வருஷம் அந்தக் கூட்டு ஓடியது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஊர்களுக்குள் நடக்கும் கூட்டும் இதே வகைதான். அதைப் பற்றி நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. அந்தக் கூட்டின் வாடகை நம் கடை வரியிலும் குடிநீர்க் கட்டணத்திலும்தான் வந்து விழுகிறது.

ஏன் கூட்டு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். இரண்டும் தனித்தனி நகராட்சி. ஆனால் ஆறும் மழையும் நகராட்சி எல்லை பார்ப்பதில்லை. தொலைவில் உள்ள ஆற்றிலிருந்து ஒவ்வொரு ஊரும் தனிக் குழாய் போடுவது, ஒவ்வொரு மளிகைக் கடைக்காரரும் சொந்த லாரி வாங்குவது போல. கட்டுப்படியாகாது.

அதனால்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வந்தன. 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஒரே ஆற்றிலிருந்து நீர் எடுத்துப் பல நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளுக்குக் கொடுக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டம் இவ்வகையில் பெரியது. குப்பையிலும் இந்த யோசனை வந்தது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5 லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்கள் சேர்ந்து பொதுவான குப்பை நிரப்புமிடம் அமைப்பதைப் பற்றிப் பேசின. நம் இரண்டு ஊரும் அந்த அளவுக்குள் வருபவைதான்.

கூட்டு வேறு, இணைப்பு வேறு. 2021-ல் சிவகாசியும் திருத்தங்கலும் ஒன்றாகி மாநகராட்சி ஆனது இணைப்பு. இரண்டு கடையும் ஒரே பெயர்ப் பலகைக்குள் போய்விட்டன. கூட்டில் கடை தனி, பேரேடு தனி. பொதுவாக இருப்பது வண்டி மட்டும். ஆகவே பங்குச் சண்டை வர இடம் உண்டு.

பேச்சு மீறினால் யார் கேட்பது?

சென்னை மாகாணத்தில் 1920-ல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். பொதுவான காரியத்துக்கு ஒரு நகராட்சி மற்ற உள்ளாட்சியோடு சேர்ந்து கூட்டுக் குழு அமைக்கலாம். தகராறு தங்களுக்குள் தீராது என்று தெரிந்தால், அரசே முடிவு செய்யலாம், அல்லது நடுவரிடம் விடலாம். 2023 ஏப்ரலில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920 சட்டத்தின் காலம் அத்தோடு முடிந்தது. ஆனால் ஒரே மாநிலத்தில் உள்ள இரு நகராட்சிக்கும் மேலே பெரியவராக இருப்பது அன்றும் இன்றும் மாநில அரசுதான். மானியம் தரும் கையும் அதுவே. பாக்கி வைத்த உள்ளாட்சியின் மானியத்தில் பிடித்தம் செய்யும் வழி அரசுக்கு உண்டு.

பெரியவர் பக்கத்தில் இல்லாத கூட்டு எப்படி இருக்கும்? கோவைக்குத் தண்ணீர் தரும் சிறுவாணி அணை கேரள மண்ணில் இருக்கிறது. 1973-ல் இரு மாநிலமும் 99 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. என்று அளவும் எழுதினார்கள். செலவு தமிழ்நாட்டுடையது, அணையின் பொறுப்பு கேரளத்துடையது. அணையின் முழு மட்டம் 878.5 மீட்டர். பாதுகாப்புக் காரணம் சொல்லி 877 மீட்டருக்கு மேல் தேக்காமல் கேரளம் நிறுத்தியபோது, தமிழ்நாடு கடிதம் எழுதியும் பேசியும்தான் பார்க்க முடிந்தது. அளவு எழுதியிருந்தும், மட்டம் குறைந்தால் உடனே உட்கார்ந்து தீர்க்க நடுவர் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வழக்கென்றால் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டும். கோடைத் தாகம் அதுவரை காத்திருக்குமா?

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. கலிபோர்னியாவில் லேக்வுட் என்ற ஊர் 1954-ல் நகராட்சி ஆனபோது, போலீஸ் முதலான பல சேவைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்பந்தம் போட்டுக் காசுக்கு வாங்கியது. பிறகு பல ஊர்கள் அதே வழியில் போயின. அந்த முறையில் சேவை சரியில்லை என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். நாமும் ஒரு மண்டி சரியில்லை என்றால் அடுத்த மண்டிக்குப் போகிறோம். ஆனால் குடிநீர்க் குழாய்க்கு அடுத்த மண்டி கிடையாது. ஆகவே அங்கே எழுத்தும் நடுவரும் இரட்டிப்பு அவசியம்.

நாம் செய்யவேண்டியது

எந்தக் கூட்டுத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, நம் ஊரின் பங்கு எவ்வளவு, அதை எந்த இடத்தில் எந்த மீட்டரில் அளக்கிறார்கள்? இரண்டு, பணம் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில்? மூன்று, அளவு குறைந்தாலோ பணம் நின்றாலோ யார், எத்தனை நாளில் தீர்ப்பது?

கேட்பதற்கு இடம் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை வைத்தது. நகராட்சிகளும் ஊராட்சிகளும் தண்ணீர் முதலியவற்றைப் பங்கிடுவது அதன் வேலைகளில் ஒன்று என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு, நம் ஓட்டில் ஜெயித்த உள்ளாட்சி உறுப்பினர்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஒப்பந்த நகல் வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். தனி ஆளாக அலைவதைவிட, இரண்டு ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொண்டுபோனால் பேச்சுக்கு எடை கூடும்.

ஒரு மூடை துவரம் பருப்பு வாங்கினால் எடை பார்க்கிறோம், பில் கேட்கிறோம், தவணை எழுதி வைக்கிறோம். வருஷம் முழுவதும் நாம் பணம் கட்டும் தண்ணீருக்கும் அதே மூன்றையும் கேட்பதில் கூச்சம் என்ன?